ட்ரக் ஹீற்றர் திருத்தக் குடுத்து 1,480 டொலர் போச்சு, ரொறன்ரோவில ஸ்காபரோ பக்கம் இருக்கிற ஆக்கள் கவனம்

வயித்தெரிச்சலோட எழுதுறன், எழுத்துப்பிழை இருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்கோ. ஹீற்றர் கோர் (எஞ்சின் சூட்டை வாகனத்துக்குள்ள தாற, டாஷ்போட்டுக்குள்ள இருக்கிற சின்ன ரேடியேற்றர்) மாத்தினதெண்டு சொல்லி என்னட்ட 1,480 டொலர் வாங்கிப்போட்டு அந்தச் சாமானைத் தொடவே இல்லை. கராஜின்ர பெயரை இங்க போடேல்லை, முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். சின்னச் சின்ன யூனிற்றா வரிசைக்கு இருக்கிற இடமொண்டில எங்கட தமிழ் ஆக்கள் நடத்துற கராஜ், தமிழ்க் கடை வாசல்ல இலவசமா வச்சிருக்கிற பேப்பர்ல விளம்பரம் போடுறவை. இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்லலாம். கடைசியில, ஹீற்றர் வேலைக்கு வாகனத்தைக் குடுக்க முதல் என்னென்ன பாக்கோணும் எண்டு விபரமா எழுதுறன், அதையும் வாசியுங்கோ.

என்ர ட்ரக் 2007 ஆம் ஆண்டு பிக்கப். நான் வீட்டு உட்சுவருக்கு போட் அடிக்கிற ட்ரைவோல் வேலை செய்யிறனான், விடியக் காலமை இருட்டோட வெளிக்கிட்டு 401 ஹைவேயில ஒஷாவா பக்கம் போறது, பின்னால ட்ரைவோல் போட், ஏணி, கொம்பவுண்ட் வாளி எல்லாம் இருக்கும், புது வாகனம் எடுக்கிற நிலைமை இப்ப இல்லை. ஒக்ரோபர் கடைசியிலயே ஹீற்றர் சரியா வேலை செய்யேல்லை எண்டு கவனிச்சிட்டன். வீட்டு வாசல்ல ஸ்ராட் பண்ணி விட்டா கொஞ்ச நேரத்தில இளஞ்சூடா வரும், ஹைவேயில ஏறி 100-ல போகத் தொடங்கினாக் காத்து குளிரத் தொடங்கிடும், எஞ்சின் வெப்பம் காட்டுற ஊசியும் நடுவில நிக்காமக் கீழ இறங்கும். குளிர் வந்தா இது வெறும் கை விறைக்கிற பிரச்சினை மட்டும் இல்லைத்தானே, முன்கண்ணாடிப் பனியை உருக்கிறதும் அதே சூடுதான், மைனஸ் 20-ல கண்ணாடி உள்ளுக்க உறைஞ்சா 401-ல பக்கத்தில வாற பெரிய ட்ரக் கூடத் தெரியாது. அதுக்காகத்தான் ஸ்னோ கொட்ட முதலே திருத்துவம் எண்டு கொண்டுபோனனான்.

போன உடன அந்த முதலாளி கதைச்ச விதத்தைக் கேளுங்கோ. "வாங்கோ அண்ணை, இருங்கோ, ரீ குடிக்கிறியளோ" எண்டார். ஊர் எது எண்டு கேட்டார், சொன்னன், தன்ர மனிசியின்ர சொந்தக்காரர் அங்கதான் இருக்கினம் எண்டார். நான் ஊசி இறங்கிற விசயம், ஹைவேயில குளிர்ற விசயம் எல்லாத்தையும் ஒண்டும் விடாமச் சொன்னனான். அவர் பொனெற்றைத் திறந்து ஒரு போத்தில்ல கொஞ்சம் கூலன்ற் (எஞ்சினுக்குள்ள ஓடிச் சூட்டை எடுக்கிற தண்ணி) எடுத்து வெளிச்சத்தில பிடிச்சுக் காட்டி, "பாருங்கோ அண்ணை, மண்ணிறமாப் போச்சு, கோர் அடைச்சிட்டுது, டாஷ்போட் முழுக்கக் கழட்டித்தான் மாத்தோணும், வெளியில வெள்ளையளிட்டப் போனா 2,500-க்குக் குறைய வராது, நீங்கள் எங்கட ஆள், 1,310-உம் எச்எஸ்டியும்" எண்டார். எச்எஸ்டி எண்ட விற்பனை வரி 13 வீதம் சேத்தா 1,480. எழுதித் தாங்கோ எண்டு கேட்டன், ஒரு துண்டில ஹீற்றர் கோர், கூலி, தொகை எண்டு கையால எழுதித் தந்தார், நல்ல காலம் அதைப் போட்டோ எடுத்து வச்சிருக்கிறன். "உங்களை நான் ஏமாத்துவனே அண்ணை" எண்டு தோளில தட்டினவர். நான் கேக்காமலே சொன்ன சொல் அது. இப்ப நினைக்க நினைக்கப் பத்திக்கொண்டு வருது.

அடுத்த நாள் பின்னேரம் போன் வந்துது, வேலை முடிஞ்சுதாம். காட் மெசின் வேலை செய்யேல்லை, பாங்கிலயிருந்து ஈ-ட்ரான்ஸ்பர் பண்ணுங்கோ, பில்லை ஈமெயில்ல அனுப்புறன் எண்டார், அங்க நிண்டபடியே 1,480 டொலரை அனுப்பினன். கராஜுக்குள்ள எஞ்சின் ஓடவிட்டு வச்சிருந்தவை, உள்ளுக்க நல்ல சூடு. அண்டைக்கு வீட்ட போகேக்கையும் வெளியில பெரிய குளிர் இல்லை. அடுத்த நாள் விடிய 401-ல ஏறினா அதே கதை, ஊசி இறங்குது, காத்து குளிருது. 1,480 டொலர் குடுத்து ஒரு இம்மியும் மாறேல்லை.

போன் எடுத்தன். "ஏர் லொக் அண்ணை, குழாய்க்குள்ள காத்து நிக்குது, ஓட ஓடச் சரி வரும்" எண்டார். சரி வரேல்லை. திரும்ப எடுத்தா "கொண்டு வாங்கோ" எண்டார், வேலையை விட்டுப்போட்டுக் கொண்டுபோனா அவர் இல்லை, ஒரு பொடியன் நிண்டு "முதலாளிட்டத்தான் கேக்கோணும்" எண்டான். பில் எங்க எண்டு மெசேஜ் போட்டன், பாத்ததுக்கு அடையாளம் வந்துது, பதில் வரேல்லை. கழட்டின பழைய கோரைத் தாங்கோ, பாக்கோணும் எண்டு கேட்டன், அது ஸ்கிராப்புக்குப் போட்டுதாம். கடைசியாக் கதைச்சபோது குரலே மாறிட்டுது, அண்ணை எண்ட சொல்லும் இல்லை, "2007 வாகனத்துக்கு இதுக்கு மேல சூடு வராது, வேணுமெண்டா வேற வாகனம் எடுங்கோ" எண்டு வச்சிட்டார். அதுக்குப் பிறகு என்ர நம்பரே போகுதில்லை. மனிசி தன்ர போனிலயிருந்து எடுத்தா உடன எடுக்கிறார், என்ர பெயரைச் சொன்னதும் வைக்கிறார்.

பேந்து வேலை செய்யிற இடத்தில ஒருத்தர் சொல்லி, கயானாக்காரர் ஒருத்தரின்ர சின்னக் கராஜுக்குக் கொண்டுபோனன். வயசான மனிசன், கதை குறைவு. எஞ்சினைச் சூடாக்கி, உள்ளுக்க ஹீற்றருக்குப் போற ரெண்டு ஹோஸையும் கையால தொட்டுப் பாத்தார், ஸ்கேனரைப் போட்டார், பி0128 எண்டு பிழைக் கோட் வந்துது. எஞ்சின் எட்டவேண்டிய சூட்டுக்கு வரேல்லை எண்டதுதான் அந்தக் கோட்டின்ர அர்த்தம். தேர்மோஸ்ராற் (கூலன்ற் ஓட்டத்தைத் திறந்து மூடுற வால்வ்) திறந்தபடியே இறுகி நிக்குது, அது மூடி இருந்தாத்தான் எஞ்சின் சூடாகும், திறந்து நிண்டா ஹைவேயில ரேடியேற்றருக்குள்ளால தண்ணி ஓடி ஓடிக் குளிர்ந்துகொண்டே இருக்கும் எண்டு விளங்கப்படுத்தினார். நான் முதல் நாளே சொன்ன ஊசி இறங்கிற விசயம் ஒண்டே காணுமாம் அதைக் கண்டுபிடிக்க! கோர் அடைச்சிருந்தா எஞ்சின் ஊசி நடுவில சரியா நிக்கும், ஒரு ஹோஸ் கொதிக்க மற்ற ஹோஸ் ஆறிப்போய் இருக்கும்.

கோர் மாத்தினதெண்டு சொன்னன். மனிசன் லைற்றை எடுத்துக்கொண்டு டாஷ்போட்டுக்குக் கீழ படுத்துப் பாத்தார், என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். இந்த ட்ரக்கில கோரை எடுக்கிறதெண்டா ஸ்ரியரிங் கொலத்தை இறக்கி டாஷ்போட்டை முழுசா வெளியில இழுக்கோணும். அந்த போல்ற்றுகள்ல வருசக்கணக்கான தூசி அப்பிடியே படிஞ்சிருக்கு, ஒரு சாவி பட்ட அடையாளம் இல்லை. எஞ்சின் பக்கம் கோரின்ர குழாயில இருக்கிற கிளாம்ப் ரெண்டும் பழைய துருவோட இறுகிப்போய் இருக்கு. அதைக் கழட்டாம எந்த மெக்கானிக்காலயும் கோர் மாத்தேலாது.

இன்னும் இருக்கு. கூலன்ற் தாங்கி மூடியைத் திறந்தா உள்ளுக்க மண்ணிறத் தூளாட்டம் ஒட்டியிருக்கு. லீக் அடைக்கிற மருந்து ஊத்தியிருக்கிறாங்கள்! என்ர வாகனத்தில லீக் எண்டு ஒண்டு இருந்ததே இல்லை. அந்த மருந்து நல்லா இருக்கிற கோரின்ர மெல்லிய குழாயளையும் அடைக்கும். ஓரஞ்சு கூலன்ற் போடவேண்டிய எஞ்சினுக்குப் பச்சையையும் கலந்து ஊத்தியிருக்கினம். ஒண்டும் செய்யாமக் காசை மட்டும் எடுத்திருந்தாக்கூட ஒரு மாதிரி, நல்லா இருந்த சாமானையும் நாசமாக்கித் தந்திருக்கிறாங்கள். இது தெரியாமச் செய்த பிழை இல்லை, தெரிஞ்சுகொண்டு செய்த களவு. குளிருக்க அந்தக் கண்ணாடியோட குடும்பத்தை ஏத்திக்கொண்டு போறவன் ஒருத்தனுக்கும் இதைத்தான் செய்திருப்பாங்கள்.

கயானாக்காரர் தேர்மோஸ்ராற் மாத்தி, கோரைப் பின்பக்கத்தால தண்ணி விட்டுக் கழுவி, சரியான கூலன்ற் ஊத்தி, காத்து எடுத்து, 290 டொலர் எடுத்தார், பழைய தேர்மோஸ்ராற்றைப் பையில போட்டுக் கையில தந்தார், பில்லும் தந்தார். இப்ப ஊசி நடுவில நிக்குது, சூடும் வருது. 290 டொலர் வேலை. மற்றவர் எடுத்தது 1,480.

கடைசியா ஒருக்கா மெசேஜ் போட்டன், போட்டோக்கள் எல்லாத்தோடயும். பதில் வந்துது: "ரசீது இருக்கா?" எச்எஸ்டி எண்டு 170 டொலரையும் சேத்து வாங்கிப்போட்டு, பில்லைத் தராம ஒளிச்சு வச்சுக்கொண்டு, என்னட்டயே ரசீது கேக்கிறார்!

விபரமா எழுதுறன் எண்டனான், நாளைக்கு விடிய வேலை, கையும் பதறுது, முக்கியமானதை மட்டும் சொல்லுறன். ஊசி ஹைவேயில இறங்கினா முதல்ல தேர்மோஸ்ராற், பிறகுதான் மற்றது. கூலன்ற் மட்டம் குறைஞ்சிருக்கா எண்டும் எஞ்சின் ஆறி இருக்கேக்க நீங்களே பாருங்கோ, சூடா இருக்கேக்க மூடியைத் திறக்கவே வேண்டாம். கோர் மாத்தோணும் எண்டு ஆராவது சொன்னா, ரெண்டு ஹோஸையும் உங்கட கண்ணுக்கு முன்னால தொட்டுக் காட்டச் சொல்லுங்கோ. டாஷ்போட் கழட்டி இருக்கேக்க ஒரு போட்டோ கேளுங்கோ. காட் மெசின் வேலை செய்யேல்லை எண்டா அடுத்த நாள் வாறன் எண்டு சொல்லுங்கோ, ஈ-ட்ரான்ஸ்பர் போய் விழுந்தாத் திருப்பி எடுக்கேலாது, கிரெடிற் காட் எண்டா பாங்கில ஆட்சேபிக்கலாம்.

ஒன்ராறியோவில 2002 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. எழுத்தில மதிப்பீடு தரோணும், அதுக்கு மேல 10 வீதத்துக்குக் கூட எடுக்கேலாது, கழட்டின பழைய சாமானை உங்களுக்குத் திருப்பித் தரோணும், போட்ட புதுச் சாமானுக்கும் கூலிக்கும் குறைஞ்சது 90 நாள் இல்லாட்டி 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம், எது முதல் வருதோ அது. அந்தக் கையெழுத்துத் துண்டு, ட்ரான்ஸ்பர் பதிவு, தூசி படிஞ்ச போல்ற்றின்ர போட்டோ எல்லாத்தையும் சேத்து மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்புறன், அதிலயும் காசு வரேல்லை எண்டா ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோட், சின்னத் தொகை வழக்குக்கான நீதிமன்றம். 1,480 டொலரை விடமாட்டன். இதே மாதிரி டாஷ்போட் கழட்டினம் எண்டு சொல்லி ஆருக்கும் காசு போயிருந்தா எனக்குத் தனியா மெசேஜ் போடுங்கோ, பில் இல்லாட்டியும் பரவாயில்லை, ட்ரான்ஸ்பர் பதிவு இருந்தாக் காணும்.