கேபினெட் விளக்குகளை இடம் மாற்றும் எல்இடி கிட்: எது உதவும், எதை ஒதுக்கலாம்

மேசைக்கு அடியில் கணினி கேபினெட்டை வைத்தால் பவர் விளக்கும் டிஸ்க் விளக்கும் கண்ணில் படுவதே இல்லை. அவற்றை மேல்தட்டுக்கோ, டிவிடி டிரைவ் இருந்த இடத்து மூடிக்கோ கொண்டுபோவதற்கென்றே எல்இடி கிட்கள் விற்கிறார்கள். பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பவை ஏறக்குறைய ஒன்றுதான்: சில 3 மி.மீ. எல்இடிகள், அவற்றைத் துளையில் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் வளையங்கள், இரண்டு பின் கனெக்டர் மாட்டிய ஒயர், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சில ரெசிஸ்டர்கள், சூடாக்கினால் சுருங்கி ஒயரை இறுக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய். சிலவற்றில் மூன்று கால் இரட்டை நிற எல்இடியும் உண்டு.

ஒயருக்காகவும் வளையத்துக்காகவும் வாங்கலாம். ஒயரைத் தேடி, வெட்டி, கனெக்டரை நசுக்கிப் பொருத்தும் (கிரிம்ப்) வேலை மிச்சம். மூன்று கால் எல்இடியை மட்டும் தொடாதீர்கள்.

அதன் காரணம் மதர்போர்டில் இருக்கிறது. முன்பக்க ஹெடர், அதாவது கேபினெட்டின் பட்டன், விளக்கு ஒயர்களை மாட்டும் பின் தொகுதி, பொதுவாக 2.54 மி.மீ. இடைவெளியில் இரண்டு வரிசையாக இருக்கும். பத்தாவது பின் இருக்காது. 1, 3 பின்கள் டிஸ்க் விளக்கு. 2, 4 பவர் விளக்கு. 5, 7 ரீசெட். 6, 8 பவர் பட்டன். 1ம் 2ம் ப்ளஸ். இதில் டிஸ்க் விளக்கின் ப்ளஸ் பின்னில் கணினி ஓடும்வரை மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். போர்டு திறந்து மூடுவது மைனஸ் பக்கத்தைத்தான். மூன்று கால் எல்இடியில் இரண்டு நிறத்துக்கும் மைனஸ் பொது என்றால், அந்தப் பொதுக் காலை 4ஆம் பின்னில் மாட்டும்போது டிஸ்க் சும்மா இருந்தாலும் டிஸ்க் நிறம் அணையாது. 3ஆம் பின்னில் மாட்டினால் டிஸ்க் ஓடும்போது மட்டும் பவர் விளக்கு எரியும். ப்ளஸ் பொதுவான வகையிலும் இரண்டு நிறமும் ஒரே மின்னோட்டத்தைப் பங்குபோடும். ஒன்று எரியும்போது இன்னொன்று மங்கும். தனித்தனியாக இரண்டு எல்இடி, நான்கு ஒயர். இதற்குக் குறுக்குவழி கிடையாது.

ரெசிஸ்டர் எல்லா இடத்திலும் தேவைப்படாது. ஹெடரிலிருந்து எடுக்கும்போது ரெசிஸ்டர் போர்டிலேயே இருக்கிறது, நேராக மாட்டலாம். பவர் சப்ளையிலிருந்து நேரே வரும் மோலெக்ஸ் கனெக்டரிலிருந்து எடுத்தால்தான் ரெசிஸ்டர் கட்டாயம். சிவப்பு ஒயர் 5 வோல்ட், மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு கிரவுண்டு. சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 5 வோல்ட்டில் 330 ஓம் போட்டால் 9 மில்லிஆம்ப், நல்ல அளவு. அதே 330 ஓமை மஞ்சள் ஒயரில் போட்டால் 30 மில்லிஆம்ப். சாதாரண எல்இடியின் எல்லை 20. ரெசிஸ்டரிலும் 0.3 வாட் சூடு இறங்கும். கால் வாட் ரெசிஸ்டர் அதைத் தாங்காது. 12 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம் போடுங்கள்.

நீலமும் வெள்ளையும் இருட்டில் கண்ணைக் கூசவைக்கும். ஹெடரில் மாட்டினாலும் கூடுதலாக 1 முதல் 4.7 கிலோ ஓம் வரை தொடரில் சேர்த்துப் பாருங்கள். பாதி மின்னோட்டம் கண்ணுக்குப் பாதி வெளிச்சமாகத் தெரியாது, அதனால் தயங்காமல் பெரிய மதிப்பிலிருந்தே தொடங்கலாம்.

துளை போடும் வேலையில்தான் கேபினெட் கெடும். மதர்போர்டு, டிரைவ், பவர் சப்ளை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு சின்ன இரும்புச் சுருள் பின்களுக்கு நடுவே விழுந்தால் ஷார்ட்தான். துளை விழும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் குறித்து, சென்டர் பஞ்சால் (கூர்முனை உளி) ஒரு தட்டு. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் பிட் வழுக்கிப் பெயின்ட்டில் கோடு கிழிக்கும். பின்னால் மரத்துண்டை அண்டக்கொடுத்து 1.5 மி.மீ. பிட்டில் முதல் துளை, பிறகு படிப்படியாக அகலமாகும் ஸ்டெப் பிட்டால் மெதுவாகப் பெரிதாக்குங்கள். துளையின் அளவுக்கு எல்இடியின் 3 மி.மீ. கணக்கில்லை, வளையத்தின் கழுத்துதான் கணக்கு. அதை வெர்னியரில் அளந்து, ஒரு வேஸ்ட் தகட்டில் துளைத்து மாட்டிப் பார்த்த பிறகே கேபினெட்டில் கைவையுங்கள். கால் மி.மீ. பெரிதானாலும் வளையம் ஆடும். பிசிறை உருட்டு அரத்தால் உள்பக்கமிருந்து எடுங்கள். அக்ரிலிக்கில் அழுத்தினால் விரிசல் ஓடும். குறைந்த வேகம் போதும். டெம்பர்டு கண்ணாடியில் துளை போடவே முடியாது, முழுப் பலகையும் பொடியாகிவிடும்.

முதன்முறை செய்பவர்களுக்கு டிவிடி டிரைவ் இடத்து மூடிதான் நல்ல இடம். பிளாஸ்டிக், தனியே கழற்றலாம், பிசகினால் வேறு மூடி மாட்டிக்கொள்ளலாம்.

ஒயர் நீளத்தை வாங்கும் முன்பே பாருங்கள். ஹெடர் பெரும்பாலும் போர்டின் கீழ் மூலையில் இருக்கும். மேல்தட்டுக்குப் போவதென்றால் பின்தட்டு வழியாகச் சுற்றிவரும் பாதையை ஒரு நூலால் அளந்து, 10 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். குறைந்தால் நீட்ட வேண்டியதுதான். அதற்கு 26 கேஜ் பல இழை ஒயர் போதும். சோல்டர் வைக்கும் முன்பே ஹீட் ஷ்ரிங்க்கை ஒயரில் கோத்துவிடுங்கள். இதை மறந்து மறுபடி பிரிப்பவர்கள்தான் அதிகம். எல்இடி காலில் சோல்டரிங் அயர்ன் மூன்று நொடிக்கு மேல் நிற்கக்கூடாது. நீளமான கால் ப்ளஸ். காலை வெட்டிவிட்டால் விளிம்பு தட்டையாக இருக்கும் பக்கம் மைனஸ். மாட்டும் முன் 3 வோல்ட் காயின் செல்லை இரண்டு கால்களுக்கு நடுவே பிடித்தால் எரிகிறதா என்று தெரிந்துவிடும்.

பொருத்திய பிறகு எரியாவிட்டால் கனெக்டரைத் திருப்பி மாட்டுங்கள். தலைகீழாக மாட்டியதால் ஹெடரில் எதுவும் கெடாது. பவர் விளக்கு எரிந்து டிஸ்க் விளக்கு மட்டும் சிமிட்டாவிட்டால் கிட்டைக் குறை சொல்லாதீர்கள்: பல போர்டுகளில், போர்டிலேயே நேரடியாகச் செருகும் என்விஎம்இ டிரைவின் வேலை அந்தப் பின்னுக்கு வருவதே இல்லை. கேபிளில் மாட்டும் சாட்டா டிரைவ் ஒன்றில் பெரிய ஃபைலை நகலெடுத்துப் பாருங்கள். இரண்டு விளக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒன்றின் வெளிச்சம் மற்றதில் கசிந்தால், எல்இடியின் பக்கங்களில் கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் ஒரு சுற்று போட்டால் நின்றுவிடும்.

பழைய எல்இடிகளைப் பிடுங்க வேண்டாம். அவை இருந்தால்தான் முன்பக்கத்தில் ஓட்டை தெரியாது. கனெக்டரை மட்டும் கழற்றி, பெயர் எழுதி ஒட்டி, ஒயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.