45 கோடி டாலர் ஓவியமும் ஒரு தூரிகையும்

ஆவணப்படம்தானே, தூக்கம் வரும் என்று நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். டென்மார்க் இயக்குநர் ஆண்ட்ரியாஸ் கோஃபோட் 2021இல் எடுத்த 'தி லாஸ்ட் லியொனார்டோ' எந்த திரில்லருக்கும் சளைத்ததல்ல.

2005இல் நியூ ஆர்லியன்ஸில் இரண்டு வியாபாரிகள் 1,175 டாலருக்கு ஏலம் எடுத்த இயேசு ஓவியம் 'சால்வடோர் முண்டி'தான் இதன் கதைப்பொருள். 2017இல் அதே ஓவியம் கிறிஸ்டிஸ் நிறுவனத்தின் ஏலத்தில் 45 கோடி டாலருக்குப் போனது. வரைந்தது லியொனார்டோ டா வின்சிதானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். எனக்கு இந்தப் படத்தின் உயிரே டயான் மோடெஸ்டினிதான், ஓவியத்தைச் சீரமைத்தவர். மேல்பூச்சை எடுத்ததும் ஆசி தரும் கையில் இரண்டு கட்டைவிரல்கள் தெரிகின்றன. ஓரிடத்தில் வரைந்துவிட்டு, மனசு மாறி, சற்றுத் தள்ளி வரைந்திருக்கிறார்கள். பார்த்து நகலெடுக்கிறவர் ஏன் இடம் மாற்றப்போகிறார்? டா வின்சிதான் என்பவர்களின் பெரிய ஆதாரம் இது. ஆனால் பலகை விரிசல் விட்டு, பழைய வண்ணம் பல இடங்களில் போய்விட்டது. அப்படியானால் நாம் இன்று பார்ப்பதில் டயானின் கை எவ்வளவு? இந்தக் கேள்வியை அவர் முகத்துக்கு நேரே வைக்கிறது படம். அவரும் ஒளியாமல் பேசுகிறார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

பணம் பேசும் நடுப்பகுதியில் விறுவிறுப்புக்குக் குறைவில்லை. அந்த ஏலத்துக்கு முன்பே ஓவியத்தைச் சுமார் 8 கோடி டாலருக்கு வாங்கிய சுவிஸ் கலை வியாபாரி இவ் பூவியே, ரஷ்யக் கோடீஸ்வரர் ரிபோலொவ்லெவிடம் கைமாற்றியது 12.75 கோடிக்கு! கிறிஸ்டிஸ் விளம்பரம் இன்னொரு பாடம்: ஓவியத்தைக் காட்டாமல், அதைப் பார்த்துக் கண்கலங்குகிறவர்களின் முகங்களை மட்டும் காட்டுகிறது. என் மாணவர்களுக்குப் போட்டுக்காட்டப் போகிறேன்.

2017இல் ஓவியத்தை வாங்கியது சவுதி இளவரசர் என்று சொல்லப்படுவதால், சவுதி அரசியலுக்குள் போகும் கடைசிப் பகுதி எனக்கு ஒட்டவில்லை. 2019இல் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நடந்த டா வின்சி கண்காட்சிக்கு ஓவியம் ஏன் வரவில்லை என்பதில் ஊகங்களே அதிகம். அந்த நேரத்தை ஆய்வுக்கூடச் சோதனைகளுக்குக் கொடுத்திருக்கலாம்.

தீர்ப்பு எதிர்பார்த்து உட்காராதீர்கள், படம் சொல்லாது. ஆனால் கட்டாயம் பாருங்கள், அதுவும் பெரிய திரையில். போனில் பார்த்தால் தூரிகை வேலை கண்ணுக்கே தெரியாது.