எந்த வழியை அடைப்பது? ஒவ்வாமை ஆஸ்துமாவுக்கான ஊசிகள்

தலையணையை உதறினால் பறக்கும் தூசியில் தூசி உண்ணிகளின் கழிவு இருக்கும். ஒவ்வாமை உள்ளவரின் மூச்சுக்குழாயில் அது பட்டால், அங்குள்ள செல்கள் டிஎஸ்எல்பி என்ற புரதத்தை வெளியிட்டு அபாயம் என்று அறிவிக்கும். பிறகு இன்டர்லூக்கின் 4, 5, 13 என்ற தூதுப் புரதங்கள் சுரக்கும், ஒவ்வாமையைத் தூண்டும் ஐஜிஇ என்ற எதிர்ப்புரதம் கூடும், ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் திரளும். ராத்திரி இரண்டு மணிக்கு இழுப்பு வருவது இப்படித்தான். பெரும்பாலோருக்கு ஸ்டீராய்டு இன்ஹேலரே போதும். அதற்கும் அடங்காதவர்களுக்குத்தான் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் மறிக்கும் ஊசிகள்.

மூத்தது ஓமலிசுமாப், அமெரிக்காவில் 2003இல் அனுமதி பெற்றது. ரத்தத்தில் சுற்றும் ஐஜிஇயைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வாமை ரசாயனங்களைக் கொட்டும் மாஸ்ட் செல்லில் போய் ஒட்ட விடாது. 6 வயதிலிருந்தே போடலாம். 2024இல் உணவு ஒவ்வாமைக்கும் அனுமதி கிடைத்ததால், வேர்க்கடலையும் ஆகாத, மூச்சும் இழுக்கிற பிள்ளைக்கு நான் முதலில் யோசிப்பது இதைத்தான். அரிதாக ஊசியே கடும் ஒவ்வாமையைக் கிளப்பும். போட்ட உடனே வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது.

இன்டர்லூக்கின் 5ஐ மறிக்கும் மெபோலிசுமாபின் கதை என்னை மிகவும் யோசிக்க வைத்தது. 2000இல் வெளியான ஆய்வில் ஈசினோஃபில் சரசரவென்று இறங்கியது, மூச்சில் மட்டும் மாற்றமில்லை. இந்த வழியே தப்போ என்ற சந்தேகம் எழுந்தது. அப்புறம் 2009இல், ஈசினோஃபில் அதிகமாகவே இருந்து அடிக்கடி நோய் முற்றுகிறவர்களை, அதாவது இழுப்பு திடீரென்று மோசமாகிறவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். முற்றுவது நன்றாகக் குறைந்தது. மருந்து அதேதான், ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதம்தான் வேறு. 2015இல் அனுமதியும் வந்தது. இதன் தம்பி பென்ராலிசுமாப் ஈசினோஃபிலையே அழித்துவிடும். முதல் 3 ஊசிக்குப் பிறகு 8 வாரத்துக்கு ஒன்று போதும், அலைச்சல் குறைவு.

இன்டர்லூக்கின் 13ஐ மட்டும் தடுத்த லெப்ரிகிசுமாப், ட்ராலோகினுமாப் இரண்டும் ஆஸ்துமாவில் கைகொடுக்கவில்லை. டுபிலுமாப், 4ம் 13ம் செல்லில் வந்து பொருந்தும் பொதுவான இடத்தை, அதாவது ஏற்பியை, அடைத்து ஜெயித்தது. கரப்பான் என்ற தோல் அரிப்பு நோயோ மூக்கில் சதை வளர்ச்சியோ கூடவே இருந்தால் இதுதான் பொருத்தம். ஆனால் ரத்தத்தில் ஈசினோஃபிலை ஏற்றிவிடக்கூடும் என்பதால், ஏற்கெனவே எக்கச்சக்கமாக உள்ளவருக்கு நான் தயங்குவேன்.

2021இல் வந்த டெஸபெலுமாப் டிஎஸ்எல்பியையே, அதாவது தொடக்கத்தையே மறிக்கிறது. பெரிய ஆய்வில் மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.10 தடவை நோய் முற்றியது, இதைப் போட்டவர்களுக்கு 0.93 தடவைதான். ஈசினோஃபில் குறைவாக உள்ளவர்களுக்கும் ஓரளவு பலன் உண்டு. அதற்காக இதுவே எல்லாருக்கும் சிறந்தது என்று சொல்ல மாட்டேன். 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஆஸ்துமாவுக்காக இதற்கு அனுமதியில்லை.

இவற்றில் எதுவும் ஆஸ்துமாவை அடியோடு போக்குவதில்லை. நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வருகிறது. இன்ஹேலரையும் விட முடியாது.

முடிவெடுக்கும் முன் ஒன்று. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாட்களில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் குறைவாகவே தெரியும். அந்த ஒரு சீட்டை வைத்து ‘இந்த ஊசி உங்களுக்கு உதவாது’ என்று சொன்னால், பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக் காட்டுங்கள்.