அச்சில் இல்லாத திகில் நாவல்கள்: எந்த மறுபதிப்பு எதற்கு?

ஆங்கிலத்தில் 1890-களின் பேய்க்கதை வேண்டுமென்றால் தேடிய உடனே கிடைத்துவிடும். 1980-ல் வந்து, மருந்துக்கடை முதல் விமான நிலையம் வரை எல்லா அலமாரியிலும் நின்ற திகில் நாவலைத் தேடினால்தான் திண்டாட்டம். அந்தக் காலத்து வியாபார முறைதான் இதற்குக் காரணம். அமெரிக்காவில் சின்ன அளவு பேப்பர்பேக்குகளை வார இதழ் போலவே விநியோகித்தார்கள். விற்காமல் போனால் கடைக்காரர் முழுப் புத்தகத்தையும் திருப்பி அனுப்புவதில்லை. முன்னட்டையை மட்டும் கிழித்து அனுப்பிப் பணத்தைக் கழித்துக்கொள்வார். அட்டை போன புத்தகம் கூழாக அரைபட்டுவிடும். அதில் தப்பியவையும் அமிலம் கலந்த மட்டக் காகிதத்தில் அச்சானவை. பழுப்பேறி, முதுகு வெடித்து, பக்கம் பக்கமாக உதிர்ந்துவிடும். 1990-களின் தொடக்கத்தில் திகில் சந்தை சரிந்ததும் பல பதிப்பகங்கள் இந்த வகையையே கைவிட்டன. மிஞ்சிய பிரதிகள் சேகரிப்பாளர்கள் கைக்குப் போய், விலை எட்டாத உயரத்துக்கு ஏறிவிட்டது.

இந்தப் புத்தகங்களைக் குறைந்த விலையில் திரும்பக் கொண்டுவர இப்போது சில வழிகள் இருக்கின்றன. வெறும் விலையை வைத்து இவற்றை ஒப்பிட்டால் தவறான முடிவுக்குத்தான் வருவோம். நான் இரண்டு கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். உரிமையாளரைத் தேடிப் பிடித்து, பணம் கொடுத்து எடுத்த மறுபதிப்பா? இனி எத்தனை வருடம் அச்சில் நிற்கும்?

மலிவு என்று பார்த்தால் பிரிட்டனின் வேர்ட்ஸ்வொர்த் எடிஷன்ஸை மிஞ்ச ஆளில்லை. 1992-ல் செவ்வியல் நூல்களை ஒரு பவுண்டுக்கு விற்கத் தொடங்கிய பதிப்பகம் அது. பின்னாளில் மர்ம, அமானுஷ்யக் கதைகளுக்கென்றே ஒரு வரிசை தொடங்கி, ஈ. எஃப். பென்சன், வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சன், அமீலியா எட்வர்ட்ஸ், ஆலிவர் ஆனியன்ஸ் என்று வரிசையாகக் கொண்டுவந்தது. தொகைநூல்களில் ஓர் எழுத்தாளரின் ஒரே கதை திரும்பத் திரும்ப வரும். இங்கே அவருடைய கதைகள் மொத்தமாக ஒரே தடித்த புத்தகத்தில் கிடைத்தன. பென்சனின் பேய்க்கதைகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தால்தான் எந்தப் பயம் அவரை விடாமல் துரத்தியது என்று பிடிபடும். அதற்கு இந்த வரிசை பெரிய உபகாரம். எழுத்து பொடி, ஓரம் குறுகல், காகிதம் சுமார். அந்த விலைக்கு இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. எழுத்தாளர் இறந்து 70 ஆண்டு கழிந்தால் பிரிட்டனில் காப்புரிமை முடிந்துவிடும். இந்த விலை பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டிய எழுத்துகளால்தான் சாத்தியமானது. அதனால் 1970-80களின் பக்கம் இந்த வழி போகவே முடியாது. போதாததற்கு, அந்த வரிசையில் வந்த பல தலைப்புகள் மறுபடியும் அச்சில் இல்லாமல் போய்விட்டன. மொத்தமாக அச்சடித்து, தீர்ந்தபின் வேகமாக விற்பதை மட்டும் திரும்ப அடிக்கும் கணக்கில் இது தவிர்க்க முடியாதது.

இதன் போலி வடிவம் ஒன்றும் உலவுகிறது. காப்புரிமை முடிந்த நூலை இணையத்திலிருந்து எடுத்து, மெய்ப்புகூடப் பார்க்காமல் அச்சுக்கு ஏற்றும் பெயர் தெரியாத பதிப்புகள். முன்னுரை கிடையாது, எந்தப் பதிப்பின் பாடம் என்ற குறிப்பும் கிடையாது. இவற்றை வாங்கவே வேண்டாம்; இணையத்தில் இலவசமாகப் படிப்பதே மேல்.

அடுத்தது பிரிட்டிஷ் நூலகம் 2018 முதல் வெளியிட்டுவரும் விசித்திரக் கதைகளின் வரிசை. கடல், ரயில், தாவரம், கிறிஸ்துமஸ் என்று ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, தொகுப்பாசிரியர் கதைகளைத் தேர்ந்தெடுத்து முன்னுரையும் எழுதுகிறார். தயாரிப்பில் இதுதான் கண்ணுக்கு அழகு. இவர்களிடம் இருக்கும் பலம் வேறு யாரிடமும் இல்லை. நாட்டில் அச்சாகும் எல்லாவற்றிலும் ஒரு பிரதியை நூலகத்துக்குக் கொடுத்தாக வேண்டும் என்ற சட்டத்தால், நூறு வருடத்துக்கு முந்தைய வாசகர் இதழ்களெல்லாம் அவர்கள் கிடங்கிலேயே இருக்கின்றன. மைக் ஆஷ்லி போன்ற ஒரு தொகுப்பாசிரியர் உட்கார்ந்து தேடினால், இதழில் ஒருமுறை வந்து எந்தப் புத்தகத்திலும் சேராத கதைகள் கிடைக்கின்றன. அப்படிப்பட்ட கதைகளாலேயே ஆன தொகுப்பைத்தான் இந்த வரிசையில் நான் முதலில் பரிந்துரைப்பேன். ஆனால் நாலைந்து புத்தகம் வாங்கியதும், ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் கதைகள் தலைகாட்டத் தொடங்கும். முழு நாவல்கள் குறைவு. நமக்குத் தொலைந்துபோன காலகட்டமும் இதில் அவ்வளவாக வராது.

சரி, அந்தக் காலகட்டத்தை யார்தான் மீட்கிறார்கள்? பெரும்பகுதி வேலையை அமெரிக்காவின் வாலன்கோர்ட் புக்ஸ் செய்கிறது. ஜேம்ஸ் ஜென்கின்ஸ், ரயன் கேகில் என்ற இருவர் 2005-ல் தொடங்கியது. ஆரம்பத்தில் 18, 19-ஆம் நூற்றாண்டு காத்திக் நாவல்கள் (பாழடைந்த கோட்டை, பேய், மர்மம் என்று போகும் பழைய திகில் வகை), அப்புறம் மெல்ல இருபதாம் நூற்றாண்டு. 2017-ல் திகில் எழுத்தாளர் கிரேடி ஹெண்ட்ரிக்ஸ், வில் எரிக்சனின் துணையோடு 1970-80களின் திகில் பேப்பர்பேக்குகளின் வரலாற்றை 'பேப்பர்பேக்ஸ் ஃப்ரம் ஹெல்' என்ற நூலாக எழுதினார். அதைப் படித்தவர்கள் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, இந்தப் புத்தகங்கள் எங்கே கிடைக்கும் என்பதுதான். அந்த நூலின் பெயரிலேயே 2019-ல் வாலன்கோர்ட் ஒரு வரிசை தொடங்கியது. தேர்வு ஹெண்ட்ரிக்ஸ், எரிக்சன் இருவருடையது. அதே சின்ன அளவு. முடிந்த இடத்தில் பழைய அட்டை ஓவியமும் அதேதான்.

'முடிந்த இடத்தில்' என்பதற்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று பாருங்கள். நாவலின் உரிமை ஒருவரிடம், அட்டை ஓவியத்தின் உரிமை இன்னொருவரிடம். முதலில் வெளியிட்ட பதிப்பகத்தை வேறொன்று விழுங்கியிருக்கும், அதை இன்னொன்று. புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எழுத்தாளருக்குத் திரும்பும் என்று பழைய ஒப்பந்தத்தில் இருந்திருக்கலாம்; அவர் அதைக் கேட்டு வாங்கினாரா என்பது வேறு விஷயம். பலர் புனைபெயரில் எழுதியவர்கள். மனிதனைத் தின்னும் கரப்பான்பூச்சிகளைப் பற்றிய 'தி நெஸ்ட்' 1980-ல் வந்தபோது அட்டையில் இருந்த பெயர் கிரிகரி ஏ. டக்ளஸ். எழுதியவர் ஈலை கேன்டர். உரிமை கேட்டுக் கடிதம் போடும் முன் ஆள் யார் என்றே கண்டுபிடிக்க வேண்டும். ஆள் காலமாகியிருந்தால் வாரிசுகள். தாத்தா இப்படி ஒரு கதை எழுதினார் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

உரிமை கிடைத்தாலும் கணினிக் கோப்பு இருக்காது. பழைய பிரதி ஒன்றை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்ற வேண்டும். மங்கிய அச்சில் ஆர், என் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் ஒட்டிக்கொண்டு எம் ஆகிவிடும். 'மாடர்ன்' என்ற சொல் 'மோடம்' என்று வந்து நிற்கும். எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் இதைப் பிடிக்காது, ஏனென்றால் இரண்டுமே சரியான சொற்கள். ஒரு மனிதர் வரிவரியாகப் படித்தே ஆக வேண்டும்.

இவ்வளவையும் செய்துவிட்டு, தேவைக்கேற்ப அச்சிடும் முறையில், அதாவது ஆர்டர் வந்தபின் பிரதியை அச்சடித்து விற்கிறார்கள். ஒரு பிரதிக்கு ஆகும் செலவு அதில் குறையவே குறையாது. அதனால் இந்தச் சின்னப் புத்தகத்தின் விலை வேர்ட்ஸ்வொர்த்தைவிடப் பல மடங்கு. இந்த அளவுப் புத்தகத்துக்கு இவ்வளவா என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அவர்களோடு உடன்படவில்லை. கிடங்கு வாடகை இல்லை, விற்காத பிரதி இல்லை, அட்டையைக் கிழித்துக் கூழாக்குவதும் இல்லை. வருடத்துக்கு ஐம்பது பேர் வாங்கினாலும் புத்தகம் அச்சில் நிற்கும். எழுத்தாளருக்கோ குடும்பத்துக்கோ ராயல்டி போகிறது. பழைய பிரதியை எவ்வளவு பெரிய தொகைக்கு வாங்கினாலும் எழுதியவருக்கு அதில் ஒரு காசும் போவதில்லை.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திய கெட்டி அட்டைப் பதிப்புகளையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும். விலைக்காக அவற்றைக் கரித்துக்கொட்டுவது எளிது. ஆனால் விசித்திரக் கதைகள் எழுதிய பிரிட்டிஷ் எழுத்தாளர் ராபர்ட் ஐக்மனைப் பாருங்கள். 1981-ல் இறந்தார், புத்தகங்கள் மறைந்தன. 1999-ல் டார்டரஸ் பிரஸ், டர்ட்ரோ என்ற இரண்டு சிறு பதிப்பகங்கள் சேர்ந்து அவருடைய கதைகளை இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டன; சிலரால் மட்டுமே வாங்க முடிந்தது. பிறகு ஃபேபர் பதிப்பகம் தன் தேவைக்கேற்ப அச்சிடும் வரிசையில் அவரைச் சேர்த்தது. 2014-ல், அவர் பிறந்த நூற்றாண்டை ஒட்டி, அதே ஃபேபர் சாதாரண பேப்பர்பேக்காகக் கொண்டுவந்த பிறகுதான் அவர் பரவலாகக் கைக்குக் கிடைத்தார். கெட்டி அட்டைப் பதிப்பு கதைகளை அழியாமல் காத்தது, அது உண்மை. ஆனால் பல வருடம் அந்தக் கதைகள் வசதியுள்ள சிலரின் அலமாரியிலேயே இருந்தன என்பதும் உண்மை. கெட்டி அட்டை வெளியிடுபவர்கள், அது விற்றுத் தீர்ந்ததும் பேப்பர்பேக்கோ மின்னூலோ கொண்டுவந்தால் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

கடைசியாக ஒரே கதையின் இரண்டு மறுபதிப்புகள். மைக்கேல் மக்டவலின் 'பிளாக்வாட்டர்' 1983-ல் ஏவன் பதிப்பகத்தில் ஜனவரி முதல் ஜூன் வரை மாதம் ஒன்றாக ஆறு பேப்பர்பேக்குகளில் வந்தது. அவர் 1999-ல் இறந்தார். வாலன்கோர்ட் அந்த ஆறையும் ஒரே தடித்த புத்தகமாக்கியது. பிரான்சில் மொசியே தூசான் லூவெர்த்யூர் என்ற சிறு பதிப்பகம் 2022-ல் வேறு முடிவெடுத்தது. ஆறு தனித்தனிப் புத்தகம், இரண்டு வாரத்துக்கு ஒன்று, பையில் வைக்கும் அளவு, பொன்னிறம் மினுங்கும் புடைப்பு அட்டை, ஒவ்வொன்றும் ஒன்பது யூரோவுக்கும் கீழே. பெரிய எண்ணிக்கையில் அச்சடித்தால்தான் அந்த அட்டையை அந்த விலைக்குக் கொடுக்க முடியும். துணிந்து அடித்தார்கள், லட்சக்கணக்கில் விற்றது.

மொத்தச் செலவைக் கூட்டினால் ஒற்றைத் தொகுதிதான் சிக்கனம். ஆனாலும் இந்தக் கதைக்கு ஆறு புத்தகம்தான் சரி என்பேன். ஒவ்வொரு பாகமும் அடுத்த மாதம் வரை வாசகரைக் காக்க வைப்பதற்காக எழுதப்பட்டது. ஒரே அட்டைக்குள் அந்த இடைவெளி காணாமல் போகிறது. இந்தத் துணிச்சல் எல்லா நூலுக்கும் பலிக்காது. கரப்பான்பூச்சி நாவலை லட்சம் பிரதி அடித்தால் பதிப்பகம் மூழ்கும். அமெரிக்காவில் அந்தச் சின்ன பேப்பர்பேக்குகளைப் பல்பொருள் அங்காடிகளுக்குக் கொண்டுபோன ரீடர்லிங்க் என்ற பெரிய விநியோகஸ்தரும் 2025 முடிவோடு அவற்றை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. அலமாரி அலமாரியாக நிரப்பி விற்கும் பழைய வழி அங்கே இனி இல்லை. ஆகவே 1930-க்கு முந்தைய கதைக்கு வேர்ட்ஸ்வொர்த்தின் பழைய பிரதியோ பிரிட்டிஷ் நூலகமோ போதும். அதற்குப் பிந்தைய நாவல் ஒன்று வாலன்கோர்ட் பட்டியலில் இருந்தால் விலையைப் பார்த்துத் தயங்க வேண்டாம், புதுப்பிரதியாகவே வாங்குங்கள். அடுத்த வாரிசைத் தேடிப் போகும் செலவு அந்தப் பணத்திலிருந்துதான் வருகிறது.