மட்டக்களப்பிலிருந்து ரொறன்ரோ: டுபாய் வழியா, லண்டன் வழியா?

கட்டுநாயக்காவிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் கிடையாது. வானில் மிகக் குறுகிய பாதையே ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். நடுவில் ஓரிடத்தில் இறங்கி மாறித்தான் ஆகவேண்டும். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் நம் ஊர் அம்மா அப்பாக்களுக்கு டிக்கற் போடும்போது வருகிற பேச்சு, டுபாயா லண்டனா என்பதுதான்.

லண்டன் சுற்றுவழி என்று பலர் சொல்வார்கள். கணக்குப் பார்த்தால் அப்படியில்லை. டுபாய்க்கு 3,300, அங்கிருந்து ரொறன்ரோவுக்கு 11,100, மொத்தம் 14,400. லண்டனுக்கு 8,700, பிறகு 5,700; அதுவும் 14,400தான். இரண்டும் அந்தக் குறுகிய பாதையை ஒட்டியே கிடக்கின்றன. பறக்கும் நேரமும் இரண்டிலும் 19 மணித்தியாலம் அளவில் வரும்.

வித்தியாசம் அந்த நேரம் எப்படிப் பிரிகிறது என்பதில். டுபாய் வழியில் முதலில் ஐந்து மணித்தியாலம், பிறகு ஒரே மூச்சில் பதினான்கு. காலில் நீர் கோர்க்கும் வயதில் அந்தப் பதினான்கு லேசானதல்ல. லண்டன் வழியில் பதினொன்றும் எட்டும். உடம்புக்கு இதுதான் இதம்.

ஆனாலும் தனியாகப் போகும் வயதானவர்களுக்கு நான் டுபாயையே சொல்வேன். எமிரேட்ஸில் கொழும்பிலிருந்து ரொறன்ரோ வரை ஒரே டிக்கற். கட்டுநாயக்காவிலேயே இரண்டு போர்டிங் பாஸையும் கேட்டு வாங்கலாம். பெட்டியில் ஒட்டும் பட்டையில் கடைசி இடமாக ரொறன்ரோ இருக்கிறதா என்று கவுண்டரில் நின்றே பார்த்துக்கொள்ளலாம். வீல்செயாரை டிக்கற் போடும்போதே பதிய வேண்டும். இறங்கியதும் அடுத்த கேற் வரை ஒருவர் கூட்டிப்போவார். லண்டனுக்கு ஒன்று, அங்கிருந்து இன்னொன்று என்று மலிவுக்காகத் தனித்தனி டிக்கற் எடுத்தால், குடிவரவைத் தாண்டிப் போய்ப் பெட்டியை எடுத்து மறுபடி போடவேண்டி வரும். விசாச் சிக்கலும் அங்கேதான் தொடங்கும். முதல் விமானம் பிந்தினால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பில்லை. லண்டன் வழி வேண்டுமென்றால், துணைக்கு ஆள் இருக்கட்டும், டிக்கற்றும் ஒன்றாக இருக்கட்டும், இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கே மாறிச் செல்லும் விதி என்ன என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எந்த வழியானாலும் நம் பக்கத்துத் தரைப் பயணம் ஒன்றுதான். மட்டக்களப்பிலும் ஒரு விமான நிலையம் இருந்தாலும் இந்தத் தூரத்துக்கான விமானம் அங்கே இறங்குவதில்லை. பொலனறுவை, ஹபரணை, குருநாகல் என்று கட்டுநாயக்காவுக்கு வான் வண்டியில் ஏழு மணித்தியாலமாவது ஆகும். மாரியில் மன்னம்பிட்டிப் பக்கம் தண்ணீர் ஏறினால் பாதை அடைபடும். மார்கழிப் பயணமென்றால் முதல் நாளே போய் நீர்கொழும்பில் தங்குங்கள். அந்த அறை வாடகையையும் டிக்கற் செலவோடு சேர்த்தே பாருங்கள்.

திரும்பி வரும்போது மேல்வானில் மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் ரொறன்ரோ–டுபாய் நேரம் ஒரு மணித்தியாலமளவு குறையும். போகும்போது நீண்ட பறப்புக்குப் பயந்து லண்டனைத் தேர்ந்தவர்களும் வரும்போது டுபாய் வழியை யோசிக்கலாம்.