தொட்டி வாங்கிய அன்றே மீனும் விற்கும் கடைகள்: கவனம்

மீன் தொட்டி வாங்கப் போகிறவர்கள் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். புதுத் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் சேர்த்துத் தலையில் கட்டுகிற கடை உங்களை ஏமாற்றுகிறது. எங்களுக்கு அதுதான் நடந்தது.

சென்னையில் எங்கள் ஏரியா கடை. இரண்டடித் தொட்டி, ஸ்பாஞ்ச் பில்டர், கூழாங்கல், கூடவே நாலு கோல்ட் ஃபிஷ், இரண்டு ஏஞ்சல், "தொட்டிய இதுவே க்ளீன் பண்ணிடும்" என்று ஒரு சக்கர் மீன். "இன்னைக்கே விடலாமாண்ணே?" என்று கேட்டேன். "தாராளமா விடுங்க சார். இந்தச் சொட்டு மருந்த ஊத்துங்க, அரை மணி நேரத்துல தண்ணி ரெடி" என்றார்.

அந்தச் சொட்டு மருந்து குளோரினைத்தான் எடுக்கும். மீனைக் கொல்வது அம்மோனியா. மீனின் செவுள் வழியாகவும் கழிவிலிருந்தும் மிச்சத் தீவனம் அழுகியும் அது தண்ணீரில் சேர்ந்துகொண்டே இருக்கும். பழைய தொட்டியில் பில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். வேறொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரைட்டும் விஷம்தான். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும், வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா கிடையாது. அது வளர்ந்து நிலைக்க 4 முதல் 6 வாரம் ஆகும். மீன் வியாபாரம் செய்கிற ஒருவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சீக்கிரமே கோல்ட் ஃபிஷ் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தன. செவுள் ரத்தச் சிவப்பு, துடுப்பு உடம்போடு ஒட்டிக் கிடந்தது. வீடியோ எடுத்துக்கொண்டு ஓடினேன். பார்த்ததும் "பங்கஸ் சார்" என்று நீல மருந்தைக் கொடுத்தார். அதோடு தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைக் குழாயடியில் நன்றாக அலசச் சொன்னார். நீல மருந்து நல்ல பாக்டீரியாவையும் கெடுக்கக்கூடியது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்சை அலசினால், அதில் வளரத் தொடங்கிய பாக்டீரியாவும் செத்துப்போகும். செத்த மீனுக்குப் பதில் புது மீனை "பாதி விலைக்குத் தர்றேன்" என்று நீட்டினார். ஒவ்வொரு சாவுக்கும் அவருக்கு ஒரு விற்பனை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ஒரே பதில்: "உங்க வீட்டுத் தண்ணி சரியில்ல சார்."

ஆபீஸ் நண்பர் தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டோடு வந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. அம்மோனியா இல்லையென்றால் சோதனைக் குழாயில் மஞ்சள் நிறம் காட்டும். எங்களுடையது கரும்பச்சை. போர் தண்ணீர் வேறு, பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 8-க்கு மேல். பிஎச்சும் சூடும் ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும். சென்னை வெயிலில் கேட்கவே வேண்டாம்.

கடைக்காரர் விற்ற கூட்டணியே தப்பு. கோல்ட் ஃபிஷ் குளிர்ச்சியான தண்ணீருக்கானது, ஏஞ்சல் வெதுவெதுப்புக்கானது. நாலு கோல்ட் ஃபிஷ்ஷுக்கு இரண்டடித் தொட்டி கொஞ்சமும் பத்தாது. சக்கர் ஒரு அடிக்கு மேல் வளரும், தொட்டியைச் சுத்தம் செய்வதைவிட அதிகமாக அழுக்காக்கும். வளர்ந்துவிட்டதே என்று தயவுசெய்து ஏரியில் விட்டுவிடாதீர்கள். நம் நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது.

இப்போது இதே நிலையில் இருப்பவர்கள் முதலில் தீவனத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகையாகக் குறையுங்கள். தினமும் கால்வாசியிலிருந்து பாதி வரை தண்ணீரை, குளோரின் நீக்கிய தண்ணீர் கொண்டு மாற்றுங்கள். ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். நோய் இல்லாத பழைய தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கிடைத்தால் உங்கள் பில்டரில் சேருங்கள். எங்கள் வீட்டில் மிஞ்சிய இரண்டு கோல்ட் ஃபிஷ்ஷைக் காப்பாற்றியது நண்பர் கொடுத்த அந்தத் துண்டுதான்.

இனிமேல் வாங்கப் போகிறவர்கள் தொட்டியை மட்டும் வாங்குங்கள். மீன் இல்லாமல் பில்டரை ஓடவிட்டு, தினமும் கொஞ்சம் தீவனம் போட்டு அழுகவிடுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஏறி இறங்கிப் பூஜ்யத்தில் நின்று, நைட்ரேட் தெரிந்தால் தொட்டி தயார். அப்போதும் முதலில் இரண்டு மூன்று சின்ன மீன்தான். கடையில் "அம்மோனியா டெஸ்ட் கிட் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் தேவையில்ல" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

எங்கள் ஸ்பாஞ்சில் இப்போது நல்ல பாக்டீரியா நன்றாகக் குடியேறியிருக்கிறது, மீன்களுக்கும் நோய் எதுவும் இல்லை. சென்னையில் புதுத் தொட்டி வைத்திருப்பவர்கள் யாருக்காவது ஒரு துண்டு வேண்டுமென்றால் கேளுங்கள், காசு வேண்டாம். தொட்டித் தண்ணீரோடு டப்பாவில் போட்டு அன்றே கொண்டுபோய்விட வேண்டும், காய்ந்தால் வீண்.