தீர்ப்பு தேட எந்தத் தளம்? இந்தியன் கானூனும் அரசுத் தளங்களும்

எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினைப் பேச்சு எழுந்தபோது, உறவினர் ஒருவர் ஒரு பிரின்ட் அவுட்டைக் கொண்டுவந்து அத்தை முன்னால் வைத்தார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அரசு இணையதளத்திலிருந்தே இறக்கியது. 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் சம பங்கு என்ற இடத்தில் சிவப்பு மையில் அடிக்கோடு. தாத்தா 1997-லேயே போய்விட்டார். அத்தைக்குக் கல்யாணம் ஆனது 1985-ல். மகள்களுக்குப் பங்கு தந்து தமிழ்நாடு 1989-ல் கொண்டுவந்த திருத்தம், அதற்கு முன்பே கல்யாணமானவர்களைச் சேர்க்கவில்லை. "சட்டமே அப்படின்னா நான் என்னப்பா சொல்றது" என்று அத்தை தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டார்.

அந்தத் தாளில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. 2015 அக்டோபரில் வந்த பூலாவதி தீர்ப்பின் சரியான நகல்தான் அது. ஆனால் 2020-லேயே அந்தத் தீர்ப்பு செத்துவிட்டது. இதை நான் கண்டுபிடித்தது இந்தியன் கானூன் என்ற தீர்ப்புத் தேடல் தளத்தில், ராத்திரி பத்து நிமிஷத்தில். (அத்தைக்குப் பங்கு கிடைத்தால் என் அப்பாவின் பங்கும்தான் குறையும். அதையும் சொல்லிவிடுகிறேன்.) அதற்குப் பிறகு தீர்ப்பு தேடுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. நான் வக்கீல் இல்லை. சொந்த வழக்குக்கோ நண்பர் வழக்குக்கோ எதையாவது தேடிப் பார்க்கும் சாதாரண ஆளுக்கு எது உதவும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அரசுத் தளங்கள். இவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தன் அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுப்பை இ-எஸ்.சி.ஆர். என்ற பெயரில் சுமார் 34,000 தீர்ப்புகளுடன் இலவசமாகத் திறந்துவிட்டது. தலைக்குறிப்போடு, அதாவது தீர்ப்பின் சுருக்கத்தோடு, கிடைக்கிறது என்பது பெரிய விஷயம். எண்பது பக்கத் தீர்ப்பில் என்ன முடிவானது என்று முதல் சில பக்கங்களிலேயே தெரிந்துவிடும். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இ-கோர்ட்ஸின் தீர்ப்புத் தேடல் தளம் இருக்கிறது. நீதிபதி பெயர், கட்சிக்காரர் பெயர், சட்டப் பிரிவு, தேதி என்று எதை வைத்தும் தேடலாம். கீழமை நீதிமன்றத்தில் உங்கள் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண் போதும். இதற்கெல்லாம் வேறு தளம் தேட வேண்டியதே இல்லை.

தமிழில் படிக்க வேண்டும் என்றாலும் அரசுப் பக்கம்தான் போக வேண்டும். 2023 குடியரசு தினத்தன்று 13 மொழிகளில் 1,268 மொழிபெயர்ப்புத் தீர்ப்புகளை வெளியிட்டார்கள். அதில் இந்தி 1,091, தமிழ் 52. அப்புறம் எண்ணிக்கை கூடியிருக்கிறது. மொழிபெயர்ப்பு புரிந்துகொள்வதற்கு மட்டும்தான். வழக்கில் செல்லுபடியாவது ஆங்கில மூலம்.

இந்தியன் கானூன் வேறு வகை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கணினி ஆராய்ச்சி மாணவராக இருந்த சுஷாந்த் சின்ஹா 2008-ல் தொடங்கிய தனியார் தளம் அது. தனியார் ஒருவர் கோர்ட் தீர்ப்பை இப்படிப் போடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போடலாம். நீதிமன்றமே தடை விதித்திருந்தால் தவிர, தீர்ப்பை மறுபதிப்பு செய்வது மீறல் ஆகாது என்று 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே சொல்கிறது. பதிப்பாளர் எழுதிச் சேர்த்த தலைக்குறிப்பைத்தான் எடுத்துப் போடக் கூடாது.

நான் இந்தத் தளத்தின் பக்கம் சாய்வதற்கு ஒரே காரணம், ஒவ்வொரு தீர்ப்பின் தலைப்பிலும் இருக்கும் 'சைட்டட் பை' என்ற சின்ன இணைப்பு. இந்தத் தீர்ப்பை அதற்குப் பின் எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துப் பேசின என்ற பட்டியல் அதில் விரியும். பி.டி.எஃப். என்பது தீர்ப்பு சொன்ன அன்றைக்கு எடுத்த போட்டோ மாதிரி. அதற்கப்புறம் நடந்தது எதுவும் அதில் வராது. பூலாவதி தீர்ப்பின் பி.டி.எஃப்.-ஐ இன்றைக்கு இறக்கினாலும் 2015-ல் எழுதியதுதான் வரும்.

அன்றிரவு நான் செய்தது இவ்வளவுதான். தீர்ப்பைத் திறந்து, 'சைட்டட் பை'யைத் தட்டி, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் மட்டும் வரும்படி வடிகட்டி, புதியது மேலே வரும்படி மாற்றினேன். 2018 பிப்ரவரியில் ஒரு தீர்ப்பு. அதில் அப்பா 2001-லேயே இறந்திருந்தும் மகள்களுக்குப் பங்கு கொடுத்திருந்தார்கள். அடடா, இரண்டும் இரண்டு நீதிபதிகள் அமர்வு, ஒன்றுக்கொன்று இடிக்கிறதே என்று மேலே போனால், 2020 ஆகஸ்ட் 11 தேதியிட்ட வினீதா சர்மா தீர்ப்பு. மூன்று நீதிபதிகள் அமர்வு. மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005-ல் அப்பா உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியே தேவையில்லை, பூலாவதி தீர்ப்பு ரத்து என்று கடைசிப் பத்திகளில் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன மங்கம்மாள் வழக்கில் பூலாவதியை ஒட்டி 2018-ல் சொன்ன கருத்தும் அதே இடத்தில் ரத்தாகியிருந்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் டிக்ரி மூலமோ பாகம் பிரித்திருந்தால் அதைக் கலைக்க முடியாது என்ற விலக்கும் அங்கேதான் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் அப்படி எந்தப் பத்திரமும் இல்லை.

ஆனால் இந்தப் பட்டியல் எந்திரம் போட்டுத் தருவது. எடுத்துப் பேசியவர்கள் பின்பற்றினார்களா, வேறுபடுத்தினார்களா, தூக்கி எறிந்தார்களா என்று அது சொல்லாது. நீங்கள்தான் திறந்து படிக்க வேண்டும். எத்தனை நீதிபதிகள் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். இரண்டு பேர் சொன்னதை மூன்று பேர் மாற்றலாம்; இரண்டு பேர் அமர்வே இன்னொரு இரண்டு பேர் அமர்வை ரத்து செய்துவிட முடியாது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டில் இரண்டு பத்தி உத்தரவில் ரத்து செய்திருக்கலாம். அந்த உத்தரவில் பழைய தீர்ப்பின் பெயர் மேற்கோளாக வராவிட்டால் 'சைட்டட் பை' பட்டியலிலும் வராது. உயர் நீதிமன்றத் தீர்ப்பை நம்பி இறங்குகிறீர்கள் என்றால், வழக்கு எண்ணை வைத்து உச்ச நீதிமன்றத் தளத்தில் மேல்முறையீடு போயிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. சட்டமே மாறிப்போவது தனிக் கதை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பிரிவின் இன்றைய வாசகம் வேண்டுமென்றால் சட்டங்களுக்கான அரசுத் தளமான இந்தியா கோடுக்குப் போங்கள். நான் அதற்கு அங்கேதான் போகிறேன்.

கட்டணத் தளங்களான எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா பற்றி எனக்கு அனுபவம் குறைவு. நண்பரான வக்கீலின் ஆபீஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சில தடவை பார்த்ததுதான். நான் மேலே சொன்ன வேலையை அங்கே ஆசிரியர் குழு செய்து வைத்திருக்கிறது; இது ரத்தானது, இது பின்பற்றப்பட்டது என்று குறியே போட்டிருக்கும். தினமும் கோர்ட்டுக்குப் போகிறவருக்கு அந்த நேர மிச்சத்துக்கே காசு கொடுக்கலாம் போலிருந்தது. வருஷத்துக்கு நாலு தடவை தேடுகிற எனக்குக் கட்டுப்படியாகாது.

தனியார் தளத்தில் இருப்பது என்றைக்கும் அங்கே இருக்குமா என்று கேட்டால், நூறு சதவீதம் சொல்ல முடியாது. வழக்கிலிருந்து விடுதலையான ஒருவரின் பெயர் இருக்கும் தீர்ப்பை இந்தியன் கானூன் எடுத்துவிட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் சொன்னது. அந்த ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. விடுதலையானவர் பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. பெயரை மட்டும் மறைத்துவிட்டுத் தீர்ப்பை விட்டுவைத்தால் என்ன?

ஆக, நான் தேடுவதும் படிப்பதும் இந்தியன் கானூனில். கையில் எடுத்துக்கொண்டு போவது அரசுத் தளத்து நகல். அத்தைக்காகப் பார்த்த வக்கீலும் வினீதா சர்மா தீர்ப்பின் பெயரைச் சொன்னதுமே தலையாட்டிவிட்டு, "எஸ்.சி.ஆர். காப்பி எடுத்துட்டு வாங்க" என்றார். எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பழைய பிரின்ட் அவுட் இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில்தான் கிடக்கிறது, பின்பக்கத்தில் அத்தை மளிகைக் கணக்கு எழுதியிருக்கிறார்.